ஷ்யாமளாம்மாவின் வண்டி நிற்கவில்லை

எங்கள் தமிழ்ச் சங்க மலரில் வருஷா வருஷம் பெரிய மனிதர்களைப் பற்றித்தான் கட்டுரை வருகிறது. இருதய டாக்டர், கம்பெனி வைஸ் பிரசிடெண்ட், மகளைப் பெரிய காலேஜுக்கு அனுப்பிய தகப்பன். படித்தவர்கள் படித்தவர்களைப் பற்றி எழுதிக்கொள்கிறார்கள். இந்த வருஷம் நான் எழுதுகிறேன். சங்ககிரியில் ஐந்தாம் வகுப்போடு பையைத் தூக்கி எறிந்துவிட்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்தவன் நான். இன்று எடிசனில் ஒரே நேரத்தில் இரண்டு வண்டி ஏற்றிப் பார்க்கிற சொந்த ஷெட் வைத்திருக்கிறேன். என் கை பட்ட வண்டி நடுரோட்டில் நின்றது என்று நியூ ஜெர்சியில் ஒருவரும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர் ஆயில் மாற்றச் சொன்னபோது வராதவராக இருப்பார்.

ஆனால் இந்தக் கட்டுரை என்னைப் பற்றி அல்ல. ஷ்யாமளாம்மாவைப் பற்றி.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. மாம்பலத்திலிருந்து கல்யாணம் ஆகி இங்கே வந்தவர். பிள்ளை குட்டி இல்லை. இங்கே காரில் ஓட்டுகிறவருக்கு இடது பக்கம்; கணவர் இருந்தவரை வலது பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து போனவர். கணவர் காலமானபோது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. காரியம் எல்லாம் முடிந்த மாதமே டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்தார். ரோடு டெஸ்டில் மூன்று முறை பெயில். மூன்றாவது முறை, "உங்களுக்கு பஸ்ஸே போதும்" என்று யாரோ சொன்னார்களாம். நான்காவது முறை பாஸ் பண்ணிவிட்டு, கணவரின் பழைய கொரோல்லாவில் நேராக என் ஷெட்டுக்குத்தான் வந்தார். "கருப்பசாமி சார், இது இனிமே என் வண்டி. ஆயில் மாத்துங்கோ" என்றார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பிறகு வயதானவர்களை வீட்டோடு போய்ப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு சர்டிபிகேட் வாங்கினார். வெஸ்ட் வின்ட்சரில் செல்வராஜ் என்று ஒரு பெரியவர், எண்பத்து நான்கு வயது. தானாகக் கட்டிலை விட்டு இறங்க முடியாது. மருமகள் விஷாகா காலை ஆறே முக்காலுக்கு ரயில் பிடித்து மன்ஹாட்டன் போகிறவள். ஆறரைக்குள் ஷ்யாமளாம்மா அங்கே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண் வேலைக்குப் போக முடியாது, அல்லது பெரியவர் தனியாகக் கிடக்க வேண்டும். எடிசனிலிருந்து ரூட் ஒன் ஹைவேயில் நல்ல நாளிலேயே முக்கால் மணி நேரம்.

போன வருஷம் ஜனவரியில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து கிளம்பும்போது அந்த வீட்டு வாசலிலேயே கொரோல்லா படுத்துவிட்டது. நான் அப்போது ஊருக்குப் போயிருந்தேன். இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. உள்ளே விஷாகா பெரியவரைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று ஷ்யாமளாம்மா வெளியிலேயே ஒரு மணி நேரம் நின்று, யார் யாருக்கோ போன் போட்டு வீடு போய்ச் சேர்ந்தார். விரல் நுனி மரத்துப் போய் இரண்டு வாரம் இட்லி மாவு கரைக்க முடியவில்லை.

விஷயம் மில்பிடாஸுக்குப் போய்விட்டது. அங்கே அவருடைய தம்பி வெங்கடகிருஷ்ணன் இருக்கிறார். சென்னையிலிருந்து நேராகக் கலிபோர்னியா போய் இருபத்தாறு வருஷமாக வெயிலிலேயே இருக்கிற மனிதர். கெட்டவர் இல்லை. அக்காவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவர். அதுதான் தொந்தரவு.

அதே வருஷம் அக்டோபரில், ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால், ஷ்யாமளாம்மா ஷெட்டுக்கு வந்து போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய் வெங்கிட்டு, சார் முன்னாடி சொல்லு, என்ன பந்தயம்னு."

"பந்தயம் எல்லாம் இல்லக்கா. இந்த விண்டர்ல ஒரே ஒரு தடவை வண்டி நின்னுதுன்னா, ஒரே ஒரு தடவை யாரையாவது ஹெல்புக்குக் கூப்பிட்டேன்னா, ஏப்ரல்ல காண்டோ வீட்டை வித்துட்டு இங்க வந்துடணும். எங்காத்துல மாடி ரூம் சும்மா கெடக்கு. வண்டியே வேண்டாம், நான் கோயிலுக்குக் கூட்டிண்டு போறேன்."

"நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா நான் இனிமே வாயே திறக்கல."

போனை வைத்தார். "கேட்டேளா சார்? மாடி ரூமாம். அவன் எப்போ ஃப்ரீயோ அப்போ கோயிலாம். மறுபடியும் வலது பக்கத்து சீட்டு. நான் போக மாட்டேன். என்ன பண்ணணுமோ சொல்லுங்கோ, நானே பண்றேன். நீங்க பார்த்தாப் போதும்."

எங்கள் ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆயுத பூஜைக்கு வருகிற வண்டிக்கு அடிவயிறு வரை பார்த்து முடித்த பிறகுதான் சந்தனம், குங்குமம். சங்ககிரியில் என் முதலாளி லாரிகளுக்கு வைத்த சட்டம் அது. பளபளவென்று கழுவிக்கொண்டு வந்து, டயரில் வரி இல்லாமல் எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்கிற ஆட்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பெரிய பெரிய ஜீப்புக்காரர்கள் என்னிடம் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, எனக்கெதுக்கு நல்ல டயர்?" என்பார்கள். கிளம்புவதற்கு நாலு சக்கரமும் உதவும், ஐயா. பனியில் நிற்பதற்கு டயர்தான் உதவும்.

ஷ்யாமளாம்மா அன்று கையுறை போட்டுக்கொண்டு இஞ்சின் மூடியைத் திறந்தார். முதலில் கூலண்ட். நான் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்தேன். கூலண்டின் நிறமே இல்லை, வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது.

"ஏனுங்கம்மா, இதுல என்ன ஊத்துனீங்க?"

"கொறஞ்சிருந்தது, தண்ணி ஊத்தினேன். மாம்பலத்துல எங்க அம்பாசடருக்கு டிரைவர் தெனமும் செம்புல ஊத்துவானே."

"மாம்பலத்துல தண்ணி ஐஸ் ஆகாதுங்க. இங்க இஞ்சினுக்குள்ளயே உறைஞ்சு இரும்பைப் பொளந்துரும். செம்பைக் கொண்டு போய் பூஜை ரூம்ல வைங்க."

சிரிக்கவில்லை. முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். ஒழுகிக்கொண்டிருந்த குழாயையும் மாற்றினோம். டயர் வரிக்குள் கால் டாலர் காசைத் தலைகீழாகச் செருகிப் பார்க்கச் சொன்னேன். காசில் இருக்கிறவரின் உச்சந்தலை வெளியே தெரிந்தால் அந்த டயர் பனிக்கு ஆகாது. நாலிலும் தலை தெரிந்தது. நாலுக்கும் பனிக்கால டயர். வைப்பர் புதிது. கண்ணாடி கழுவும் தொட்டியில் உறையாத நீல திரவம். டிக்கியில் மண்வெட்டி, ஒரு மூட்டை மணல், கம்பளி, பேட்டரி ஒயர். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு கட்டளை.

பேட்டரிக்கு வந்தோம். நான் சாவியைத் திருப்பினேன். ஒரே இழுப்பில் கிளம்பியது. "சத்தத்தைக் கேட்டீங்களா? இதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன். வண்டியின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்கிறவன் நான்.

ஷ்யாமளாம்மா குனிந்து பேட்டரி மேல் ஒட்டியிருந்த தேதியைப் படித்தார். "அஞ்சரை வருஷம் ஆயிடுத்து சார். மெஷின்ல போட்டுப் பாருங்கோ."

"நான் சொன்னாப் பத்தாதுங்களா?"

"போன ஜனவரிலயும் முந்தின நாள் வரைக்கும் ஒரே இழுப்புதான். வேற வண்டிலேர்ந்து ஒயர் மாட்டி ஜம்ப் பண்ணிக் கிளப்பிவிட்டவா பேட்டரி நன்னாத்தான் இருக்குன்னா. பாருங்கோ."

பார்த்தேன். மெஷின் சிவப்பு விளக்கு காட்டியது. அக்டோபர் இளம் குளிரில் பாதி பலம்தான் இருந்தது. ஜனவரியில் வீட்டு வாசலிலேயே செத்திருக்கும். ஐம்பது வருஷத்தில் என் காது ஏமாந்தது அந்த ஒரு தடவைதான். மூன்று தடவை என்று என் மனைவி மரகதம் சொல்வாள். அவள் கணக்கில் வீட்டு மிக்சியும் சேர்த்தி. புது பேட்டரி போட்டோம். அதன் பிறகுதான் சந்தனம் வைத்தேன். பூசணிக்காயை அவரே தூக்கிப் போட்டு உடைத்தார்.

டிசம்பர் போயிற்று. ஜனவரியில் இரண்டு பனிப்புயல். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்து திரும்பும்போது ஷெட் வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போவார். ஓடுகிறது என்று அர்த்தம். நான் உள்ளே இருந்தபடி ஸ்பானரால் இரும்பில் இரண்டு தட்டு தட்டுவேன்.

பிப்ரவரியில் வெங்கடகிருஷ்ணன் வந்து இறங்கினார். மன்ஹாட்டனில் கான்பரன்ஸ் என்று சொன்னார். வேவு பார்க்க வந்தார் என்பது என் எண்ணம். இதுவரை கோடையில் மட்டும் வந்து போனவர். ஏர்போர்ட்டில் வாடகைக் கார் ஒன்று எடுத்துக்கொண்டு அக்கா வீட்டில் தங்கினார். மறுநாள் விடிவதற்குள் குளிர் ஃபாரன்ஹீட்டில் ஒன்பது டிகிரிக்கு இறங்கியிருந்தது. முந்தின மாலை மழையாகப் பெய்தது அப்படியே உறைந்து எல்லாக் கார்களின் மேலும் கண்ணாடிப் பாளமாக நின்றது.

அதன் பிறகு நடந்ததை அக்காவும் தம்பியும் என் ஷெட்டில் நின்று ஒருவரை ஒருவர் இடைமறித்துச் சொன்னார்கள். நான் கேட்டபடி எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு ஷ்யாமளாம்மா சாவியைத் திருப்பினார். ஒரே இழுப்பு. ஹீட்டரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்தார். பத்து நிமிஷம் ஓடினால் பாளம் தளரும், பிறகு சுரண்டிவிடலாம். தம்பி வாசலில் நிற்க, மதிய சாப்பாட்டுப் பையை எடுக்க உள்ளே போனார்.

தம்பிக்கு மனசு கேட்கவில்லை. இந்த வயதில் அக்கா இருட்டில் ஐஸ் சுரண்டுவதா? காபிக்குக் கொதித்த கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன் கண்ணாடி மேல் அப்படியே ஊற்றினார். டப் என்று ஒரு சத்தம். இடது மூலையில் கிளம்பிய கோடு டிரைவர் கண்ணுக்கு நேராக ஓடி வலது மூலையில் போய் நின்றது. பிறகு அதற்குக் கிளைகள்.

ஷ்யாமளாம்மா வெளியே வந்தார். கண்ணாடியைப் பார்த்தார். கெட்டிலைப் பார்த்தார்.

"அக்கா, நான் ஹெல்ப் பண்ணலாம்னு..."

"வெந்நீரா?"

"ஐஸுக்கு வெந்நீர்தானேக்கா..."

"இருபத்தாறு வருஷம் அமெரிக்கா!"

"சரி, இன்னிக்கு லீவு சொல்லிடு. இந்தக் குளிர்ல எவன் போவான்? நான் வேணா அந்தப் பொண்ணுக்கு போன் பண்றேன்."

மணி ஐந்து பதினைந்து. போன் போட்டால் முந்தின வருஷத்து ஜனவரிதான் மறுபடியும். "உன் வண்டிச் சாவியைக் குடு" என்றார் ஷ்யாமளாம்மா.

தம்பி கொடுத்தார். அக்கா அதை எடுத்ததும் ஓட்டிவிடவில்லை. நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மணி ஓடிக்கொண்டிருக்கும்போது, பர்ஸிலிருந்து கால் டாலர் காசை எடுத்து, டார்ச் அடித்து, அந்த வாடகை வண்டியின் நாலு டயரிலும் செருகிப் பார்த்தார். தலை மறைந்தது. கழுவும் திரவம் பீய்ச்சிப் பார்த்தார். தன் வண்டி இஞ்சினை அணைத்துவிட்டு, மண்வெட்டி, மணல் மூட்டை, கம்பளி எல்லாவற்றையும் இந்த டிக்கிக்கு மாற்றினார். கூரையில் இருந்த பாளம் உட்பட எல்லா ஐஸையும் இரண்டு பேருமாகச் சுரண்டினார்கள். தம்பி கிரெடிட் கார்டால் சுரண்டினார்.

"நீ டிரைவ் பண்றியா, நான் பண்ணட்டுமாக்கா?"

"வலது பக்கம் போய் உக்காரு."

ரூட் ஒன் ஹைவேயில் ஒரு பெரிய ஜீப் தடுப்புச் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றதாம். இன்னொரு கார் பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்ததாம். ஷ்யாமளாம்மா முப்பது மைல் வேகத்தைத் தாண்டவில்லை. முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் நடுவே ஒரு லாரி நிற்கிற இடம் விட்டார். பின்னால் ஹாரன் அடித்தவனைப் பற்றிக் கவலைப்படவில்லை. பிரேக்கைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் தம்பியின் கால்தான் தரையை மிதித்ததாம்.

ஆறு இருபத்தெட்டுக்கு செல்வராஜ் வீட்டு வாசல். விஷாகா ஒரு கை கோட்டில், ஒரு கை வெளியில் என்று கதவருகே நின்றாள். "ஆன்ட்டி, இன்னிக்கு வரமாட்டீங்கன்னே நெனச்சேன்!" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினாள். உள்ளே கட்டிலிலிருந்து பெரியவர் குரல் மட்டும் கேட்டதாம்: "ஷ்யாமளா வராம இருப்பாளா? காபியைப் போடச் சொல்லு."

மாலையில் விஷாகா வீடு திரும்பிய பிறகு இருவரும் அதே வாடகைக் காரில் என் ஷெட்டுக்கு வந்தார்கள். தம்பி விட்டுக்கொடுக்கிற ஆளாகத் தெரியவில்லை.

"நீங்களே சொல்லுங்க சார். வண்டி இன்னிக்கு ஓடலை. வீட்ல நிக்கறது. பந்தயப்படி பார்த்தா..."

"பந்தயப்படி பார்த்தா?" என்றார் அக்கா. "என் வண்டி ஒரே இழுப்புல கிளம்பித்து. நீ உடைச்சே. நான் யாரையாவது கூப்பிட்டேனா? உன் சாவியைக் கேட்டேன், அதுவும் நீ உடைச்சதுக்காக. கிளம்பி, போய், வேலை பார்த்துட்டு வந்துட்டேன். நீயே பக்கத்துல உக்காந்துண்டு வந்தே."

நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு தேவையில்லை.

"ஏனுங் தம்பி, இந்த விண்டர்ல அவங்க வண்டிக்கு வந்த ரிப்பேர் ஒண்ணே ஒண்ணுதானுங்க. அது மில்பிடாஸ்ல இருந்து ஃபிளைட் புடிச்சு வந்திருக்குது."

மரகதம் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தபடி உள்ளே போய்விட்டாள். வெங்கடகிருஷ்ணன் டீ கிளாஸைக் கையில் எடுத்தார். பிறகு, "கண்ணாடி மாத்த ஆளை வீட்டுக்கே வரச் சொல்லிட்டேன்கா" என்றார்.

"அது இருக்கட்டும். மாடி ரூம்?"

அவர் உதட்டின் மேல் விரலை வைத்தார். வாயே திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் வந்தது, காண்டோ விற்கப்படவில்லை. இந்த வருஷ ஆயுத பூஜைக்கு முதல் வண்டியாக கொரோல்லா வந்து நின்றது. நான் மூடியைத் திறந்தேன். கூலண்ட் நிறம் சரி. பேட்டரி முனை பளபளவென்று தேய்த்திருந்தது. டயர், வைப்பர், திரவம், டிக்கியில் மணல், எல்லாம் அவரே பார்த்து முடித்திருந்தார். நான் குறை கண்டுபிடிக்க இருபது நிமிஷம் தேடினேன். என் ஷெட்டில் நான் குறை கண்டுபிடிக்க முடியாமல் போன முதல் வண்டி அது.

"என்ன சார், மெஷின்ல போட்டுப் பாக்கலையா?" என்றார்.

"நீங்களே பாத்ததுக்கு அப்புறம் மெஷின் எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன்.