ஹைஸ்பீடு பாஸ் செய்தவளுக்கு ஒரு வரி

ஏனாத்தூரில் தங்கை மகள் வீட்டுக்குப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். கைப்பேசியை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு பேசினாள். பேசப் பேசத் திரையில் எழுத்து வந்து விழுந்தது. சிநேகிதியிடம் ஏதோ அசைன்மென்ட் பற்றி ஒரே மூச்சில் புலம்பல். நல்ல வேகம். நானும் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவள் என் மடியைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, கை நடுங்குதா உங்களுக்கு? தண்ணி இருக்குது, தரட்டுமா?"

"நடுங்கலம்மா. நீ பேசறத எழுதிக்கினு இருக்கேன்."

அவள் மெதுவாக ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சுருக்கெழுத்துப் படித்தவர்களுக்கெல்லாம் இந்த வியாதி உண்டு. யார் பேசினாலும் ஆள்காட்டி விரல் பையின் மேலோ முழங்கால் மேலோ கோடு இழுக்க ஆரம்பித்துவிடும். கோயில் உபன்யாசம், கல்யாண வீட்டு மைக், பக்கத்து வீட்டுச் சண்டை, எதையும் விடாது. என் வீட்டுக்காரர் என்னோடு சண்டை போடும்போது "முதல்ல அந்த விரல நிறுத்து" என்றுதான் ஆரம்பிப்பார். அப்புறம் எதற்குச் சண்டை என்பது இரண்டு பேருக்கும் மறந்துவிடும்.

நான் இந்த வியாதியைப் பிடித்துக்கொண்டது ஒரு பட்டுக்கடையின் மாடியில். கீழே புதுச் சேலைகளின் வாசனை. படி ஏற ஏற அது போய், மெஷின் எண்ணெயும் ரிப்பன் மையும் சீவிய பென்சிலும் கலந்த இன்னொரு வாசனை வரும். அதுதான் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். வேறு ஊர்க்காரர்கள் அந்தச் சத்தத்தில் தலைவலிக்கிறது என்பார்கள். எங்களுக்கு அது ஒரு சத்தமே இல்லை. வீட்டில் தறி, எதிர்வீட்டில் தறி, தெரு முழுக்கத் தறி. டைப்ரைட்டர் எங்களுக்குக் கொஞ்சம் சாந்தமான பிராணியாகத்தான் தெரிந்தது.

"டைப்பு, ஷார்ட்ஹேண்டு ரெண்டும் ஹையர் கிரேடு முடிச்சுட்டா கவர்மென்ட் வேலம்மா" என்று எல்லாரும் சொன்னார்கள். முடித்தேன். வேலையும் கிடைத்தது. கோர்ட்டில் ஸ்டெனோ. எந்தக் கோர்ட் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு மாதாமாதம் பென்ஷன் வரவேண்டும்.

ஸ்டெனோ வேலை என்றால் என்னவென்று சினிமாவில் காட்டுவதில்லை. சாட்சி கூண்டில் நின்று, "அவரு வந்தாருங்க, வந்து கேட்டாருங்க, நான் ஆவாதுன்னேன், அப்பாலிக்கா போய்ட்டாருங்க" என்பார். நீதிபதி அதை வாக்கியமாக்கி எனக்குச் சொல்வார். நான் சுருக்கெழுத்தில் பிடித்து, அப்புறம் டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைப்பேன். நீதிபதியும் மனுஷர்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனைத் தம்பி என்பார், தெற்கு எல்லையை வடக்கு என்பார், "அதாவது" என்பதை நாலு தடவை சொல்வார். நாங்கள் பார்த்துச் சரிசெய்துவிடுவோம். "இதப் பாருங்க ஐயா, மாறி இருக்குது" என்று பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தால் போதும், தலையை ஆட்டிக் கையெழுத்துப் போடுவார். சொன்னதைச் சொன்னபடியே அடித்து வைக்கிற ஸ்டெனோவுக்கு எங்கள் பக்கத்தில் நல்ல பெயர் கிடையாது.

பக்கத்துக் கோர்ட்டு ஸ்டெனோ நசீமா. சரிகைக் கடைக்காரர் மகள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர், ஒரு ஜன்னல். டீ அந்த ஜன்னல் வழியாகத்தான் வரும். பணி விதிகளில் ஒரு வரி இருப்பதை ஜன்னல் வழியாகச் சொன்னவளும் அவள்தான்.

"கேட்டியாம்மா, ஹைஸ்பீடு பாஸ் பண்ணா ஊக்க ஊதிய உயர்வாம். நம்ம ரெண்டு பேரும் எழுதுவமா?"

ஹைஸ்பீடு என்பது ஹையருக்கும் மேலே ஒரு பரீட்சை. வாசிக்கிறவர் மூச்சு விடாமல் வாசிப்பார், விடாமல் பிடிக்கவேண்டும். பாஸ் செய்தால் சம்பளத்தில் சேரும் தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நானே சிரித்திருக்கிறேன். ஆனால் எனக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது. என் அப்பா நெய்த காலத்தில் சேலையின் உடலில் புட்டாப் பூ கூடினால் கூலி கூடும். கரையைத் தனியாகக் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஒரு கூலி, சாதாச் சேலைக்கு ஒரு கூலி. "இவனுக்குக் கோர்வை போடத் தெரியும்" என்பதற்கு யாரும் அவரிடம் மனுக் கேட்டதில்லை. சேலையைப் பார்த்தால் தெரியும். எங்கள் வேலையில் பார்த்தால் தெரியாது. வேகமாக எழுதினாலும் தவழ்ந்து எழுதினாலும் ஒன்றாம் தேதி ஒரே சம்பளம். ஆகவே என் பணிப்பதிவேட்டில் 'ஹைஸ்பீடு தேர்ச்சி, ஊக்க ஊதியம் அனுமதிக்கப்பட்டது' என்று ஒரு வரி வரவேண்டும். எனக்குக் கூடுதலாகத் தெரியும் என்பதை என்னை வேலைக்கு வைத்தவர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

முதல் தடவை இரண்டு பேரும் ஃபெயில். எப்படி என்கிறீர்களா? எங்கிருந்தோ வந்த ஒரு வாத்தியார் வாசித்தார். நிலத் தகராறு பற்றிய பத்தி. நடுவில், வாங்கியவர் பத்திரம் பதிந்து முடித்த பிறகு முன்பணம் கொடுத்ததாக ஒரு வாக்கியம் வந்தது. எந்த ஊரில் அய்யா பத்திரம் பதிந்த பிறகு முன்பணம் கொடுப்பார்கள்? என் கை கேட்கவே இல்லை. முன்பணத்தை முன்னால் போட்டு, பத்திரத்தைப் பின்னால் போட்டு, வாத்தியார் திருப்பித் திருப்பிச் சொன்ன "ஆகவே"க்களையெல்லாம் ஒன்றாகச் சுருக்கி, கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்த கடைசி வாக்கியத்தையும் நிமிர்த்தி வைத்துவிட்டு, நல்லபடியாக எழுதினோம் என்று வெளியே வந்தேன். நசீமா படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த முன்பணத்த நீ என்னம்மா பண்ணே?"

"முன்னாடி போட்டேன்."

"நானுந்தான்" என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இன்ஸ்டிட்யூட்டிலிருந்து நேராக வந்த பிள்ளைகள் எல்லாம் சொன்னதைச் சொன்னபடி எழுதிப் பாஸ். கோர்ட்டில் உட்கார்ந்து தினமும் அதே வேலையைச் செய்கிற இரண்டு பேர் மட்டும் ஃபெயில். வார்த்தை மாறினால் ஒரு பிழை, விட்டால் ஒரு பிழை. எங்கள் அக்கறைக்கெல்லாம் சிவப்பு மையில் கணக்குப் போட்டிருப்பார்கள். பஸ் பெண்ணின் கைப்பேசியை அந்த ஹாலில் உட்கார வைத்திருந்தால் அது முதல் வகுப்பில் தேறியிருக்கும்.

அடுத்த தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, வந்த அபத்தத்தை வந்தபடியே எழுதினோம். பாஸ். நசீமா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது, நான் கோயில் இட்லி கொண்டுபோனேன், ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் கொண்டாட்டம். சான்றிதழின் நகலை இணைத்து மனுக் கொடுத்தோம்.

அப்புறம் கிணற்றில் போட்ட கல்தான். தலைமை எழுத்தரிடம் போய்க் கேட்டால், "மேல போயிருக்குதும்மா" என்பார். மேலே என்றால் எந்த மேலே என்று அவருக்கும் தெரியாது. எந்த நீதிபதி வந்தாலும் என் எழுத்தைப் புகழ்ந்துவிட்டுப் பரிந்துரை செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அதில் குறையில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. இத்தனை கோயில் இருக்கிற ஊரில் இதை நான் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

பதில் ஒருநாள் வந்தது. ஹைஸ்பீடு தேர்ச்சி இந்தப் பதவிக்கு வேண்டிய தகுதி அல்ல. பதவிக்குத் தொடர்பில்லாத தகுதிக்கு ஊக்க ஊதியம் வழங்க வழியில்லை.

சுருக்கெழுத்தர் பதவிக்குச் சுருக்கெழுத்துத் தொடர்பில்லை! நான் சத்தமாகவே படித்தேன். தலைமை எழுத்தர் கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் என்னம்மா பண்றது? ரூல் அப்படி இருக்குது."

விடவில்லை. மறுபடி மனு, மறுபடி நினைவூட்டுக் கடிதம். வருஷங்கள் போயின. பதவிக்குரிய தகுதிகளைத் திருத்தினார்கள், அதில் ஹைஸ்பீடும் விரும்பத்தக்கது என்று சேர்ந்தது. அப்பாடா என்று புது மனுக் கொடுத்தேன். இந்தப் பதில் மட்டும் சீக்கிரம் வந்தது. ஹைஸ்பீடு இப்போது பதவிக்குரிய தகுதிகளில் ஒன்றாகிவிட்டது. ஆகையால் அதைக் கூடுதல் தகுதியாகக் கருத இயலாது.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இன்றைக்கும் அது தீரவில்லை. இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

நசீமா என்னைவிடப் புத்திசாலி. அந்த வாரமே ஒரு முடிவுக்கு வந்தாள். "இனிமே ஹையருக்குக் குடுக்கற காசுக்கு ஹையர் வேகந்தான்" என்றாள். நீதிபதி வேகம் எடுத்தால், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க ஐயா" என்பாள். அவர்களும் மெதுவாகச் சொன்னார்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஐந்தே முக்காலுக்கு அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவாள்.

நானும் முயற்சி செய்தேன். நிஜமாகவே செய்தேன். ஒருநாள் காலையில் தீர்மானமாக உட்கார்ந்தேன், இன்றைக்கு மெதுவாகத்தான் என்று. சாட்சி ஒரு விதவை அம்மாள், தாமல் கிராமத்துப் பக்கம். தன் பங்கு நிலத்தைப் பற்றி மூச்சு வாங்கப் பேசிக்கொண்டே போனாள். நிறுத்தினால் அடுத்த வாய்தாவுக்குத்தான் மறுபடி இவ்வளவு தைரியம் வரும் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நீதிபதியும் அவளை நிறுத்தாமல் சேர்ந்து ஓடினார். நான் எப்படிப் பென்சிலைக் கீழே வைப்பது? வைக்கத் தெரியவில்லை எனக்கு. அது நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று மாலை என்மேல் எனக்கே எரிச்சலாக வந்தது.

வேகத்துக்குப் பரிசு கிடைக்கவில்லை என்று முழுவதும் சொல்லமுடியாது, ஒன்று கிடைத்தது. எந்தக் கோர்ட்டில் ஸ்டெனோ லீவு போட்டாலும், "அந்தம்மாவ அனுப்புங்க, சட்டுனு முடிச்சுடுவாங்க" என்று என்னை அனுப்பினார்கள். என் வேலைக்கு மேலே இன்னொருவர் வேலை. அதற்கு ஊதியம் உண்டா என்று கேட்டேன். பக்கத்து அறைக்கு நடந்து போவதற்குப் பயணப்படி கிடையாது என்றார்கள்.

பிறகு அந்த ஊக்க ஊதியம் என்பதையே எடுத்துவிட்டார்கள். இனி யாருக்கும் எதற்கும் கிடையாது என்று ஆனது. நசீமா அப்போது ஓய்வுபெற்று மகன் வீட்டுக்குப் போயிருந்தாள். ஃபோனில் சொன்னேன். "சரிதான், உனக்கும் எனக்கும் இல்லாதது எல்லாருக்கும் இல்லாம போச்சு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதம் முன்னால், பென்ஷன் தாள்களுக்காகப் பணிப்பதிவேட்டைத் திறந்தார்கள். பதிவேடுகளைப் பார்க்கும் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த எழுத்தர் கார்த்திக். நல்ல மனுஷர், வேலையை இழுத்தடிக்காதவர். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியவர், நடுவில் செருகியிருந்த என் சான்றிதழ் நகலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, ஹைஸ்பீடு பாஸ் பண்ணியிருக்கீங்க, எதுலயும் ஏறவே இல்லியே?"

"ஏத்தலப்பா."

"இப்ப ஏத்திடலாம்மா. முன்னாடி ஏத்தினா காசு குடுக்கணும், ஆடிட்ல கேப்பாங்க. இப்பதான் அந்தக் காசே கிடையாதே. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

அவர் உதவி செய்வதாகத்தான் நினைத்தார். இத்தனை வருஷமாக நான் கேட்ட வரி, இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தது. அதற்கு இனி ஒரு பைசா மதிப்பில்லை என்பதால்தான் அது எனக்குக் கிடைக்கிறது.

"வேணாம்பா" என்றேன்.

"ஒரு வரிதானேம்மா?"

"ஒரு வரிதான். வேணாம், விட்டுடு."

இதைக் கேட்ட நசீமா என்னைத் திட்டினாள். "எழுதச் சொல்லியிருக்கணும். உனக்கு ரோஷம் ஜாஸ்தி. நாளைக்கு உன் பேத்தி பாத்தா பெருமையா இருக்கும் இல்ல?" அவள் சொல்வதும் சரியாக இருக்கலாம். சில நாள் நானும் அப்படித்தான் நினைக்கிறேன். வேறு சில நாள், அந்தப் பேனாவை மூட வைத்ததுதான் அந்த ஆபீசில் நான் என் இஷ்டத்துக்குச் செய்த ஒரே காரியம் என்று தோன்றுகிறது.

பட்டுக்கடை மாடியில் இப்போது மொபைல் ரிப்பேர். என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. போடுவார்கள் என்றும் தோன்றவில்லை. சாட்சி சொல்வதைக் கம்ப்யூட்டரில் நேராக அடிக்கிறார்கள், இனிமேல் மைக் வைத்தால் அதுவே எழுதிக்கொள்ளும் என்கிறார்கள். எழுதட்டும்.

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். ஹையர் முடித்திருக்கிறாள், கெட்டிக்காரி. "ஹைஸ்பீடு எழுதினா என்னம்மா கிடைக்கும்?" என்று கேட்டாள். முன்பெல்லாம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போய் யாரிடமாவது கேட்கலாம். தப்பான பதிலாவது ஒன்று வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கோபப்படலாம், எதிர்த்து இன்னொரு மனு எழுதலாம். இப்போது அந்த விதியே இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.