மேல் வீட்டு மாடு

புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் கோழி, பன்றி, மாடு என்று படம் காட்டிச் சொல்லித் தந்தார்கள். எங்கள் வீட்டில் மாடு சேர்ப்பதில்லை. அதனால் மாட்டிறைச்சிக்கான 'பெஃப்' என்ற சொல்லை மட்டும் நான் மிகக் கவனமாக மனதில் பதித்துக்கொண்டேன். கடையில் ஒரு பொதியில் அந்தச் சொல்லைக் கண்டால் என் கை தானாகவே விலகிவிடும்.

அப்படியிருக்க, மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த சாக்ஸபோன்காரர் ஒருநாள் என்னைப் படியில் மறித்து, "சனிக்கிழமை பின்னேரம் என் வீட்டில் பெஃப், குடும்பத்தோடு வாருங்கள்" என்றபோது எனக்கு வேர்த்துவிட்டது. நல்ல மனிதர். பிரான்சிலிருந்து வந்தவர், ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. என் மகளின் தள்ளுவண்டியை எத்தனையோ தரம் படியில் தூக்கித் தந்தவர். அவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது?

கணவரிடம் சொன்னேன். அவர் டவுன்டவுன் உணவகம் ஒன்றில் இரவுச் சமையற்காரர். வேலையிடத்தில் மாட்டிறைச்சியை வெட்டி வெட்டியே கை மரத்துப்போனவர், வீட்டு வாசலுக்குள் மட்டும் அதை விடமாட்டார்.

"புரட்டாதிச் சனி, விரதம் எண்டு சொல்லும்" என்றார்.

சொன்னேன். புரட்டாதி போய் ஐப்பசி வந்தது, அழைப்பு மட்டும் நிற்கவில்லை. ஒரு தனி மனிதர் வாராவாரம் இவ்வளவு மாட்டை எப்படித்தான் தின்கிறார் என்று எனக்கு ஒரே வியப்பு. கடைசியில் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை என்று நேராகவே சொல்லிவிட்டேன். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாத்தியக்காரர்கள் ஒன்றுகூடி, ஒத்திகை எதுவுமில்லாமல் மனம் போனபடி வாசிப்பதற்குப் பிரான்சில் 'பெஃப்' என்றுதான் பெயராம். இதையெல்லாம் வகுப்பில் யார் சொல்லித் தருகிறார்கள்?

அடுத்த சனிக்கிழமை போனோம். எதற்கும் இருக்கட்டும் என்று மரக்கறி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். நான்கைந்து பேர் சோபாவிலும் தரையிலும் இருந்து வாசித்தார்கள். எனக்கு அந்த இசையின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் வாசிக்கும்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வது பிடித்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு 'மாடு' என்றே பெயராகிவிட்டது. மகள் ஒருநாள் கோயிலில் ஒரு மாமியிடம், "சனிக்கிழமை மேல் வீட்டில மாடு, நாங்கள் எல்லாரும் போறனாங்கள்" என்று பெருமையடித்துவிட்டாள். அந்த மாமி என்னை மேலும் கீழும் பார்த்த பார்வை இருக்கிறதே! விளக்கப் போனால் இன்னும் சிக்கல் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

ரோல்ஸ் தின்றபடி அவர் சொன்ன துண்டு துண்டான கதைகளிலிருந்துதான் அவருடைய வாழ்க்கை எனக்குத் தெரியவந்தது. இளவயதில் வீட்டோடு சண்டை பிடித்துக்கொண்டு பாரிசுக்கு ஓடியிருக்கிறார். அங்கே நிலக்கீழ் அறைகளில், சிகரெட் புகைக்குள் நின்று வாசித்துப் பெயர் எடுத்தார். பத்திரிகைகள் எழுதின, இசைத்தட்டுகள் வந்தன. கோடை விழா ஒன்றில் வாசிக்க மொன்றியலுக்கு வந்தவர் ஒரு பெண்ணுக்காகத் தங்கினார். அந்தப் பெண் போய்விட்டாள், இவர் இருந்துவிட்டார். திரும்பிப் போயிருக்கலாமே என்று கேட்டேன். பாரிசில் தன்னுடைய இடத்தில் அதற்குள் வேறொருவர் நின்று வாசித்துக்கொண்டிருந்தார் என்றார். அவர் குரலில் கசப்பே இல்லை.

இங்கே ஹோட்டல்களில் வாசித்தார், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆனாலும் நாளைக்கே பெரிய மேடை காத்திருப்பதுபோலக் காலையில் தவறாமல் பயிற்சி செய்வார். ஒரே ஒரு சுரத்தை, மூச்சு முடியுமட்டும் இழுத்துப் பிடிப்பார். இரவு வேலை முடித்து வந்த என் கணவர் படுக்கும் நேரம் அது. அவரைப் படியில் காணும்போதெல்லாம் சாக்ஸபோன்காரர் மன்னிப்புக் கேட்பார். இவர் "ஓகே, ஓகே" என்று கையைக் காட்டிவிட்டுப் போவார். பாவம், மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு மாசி மாதம், வெளிப்படிக்கட்டில் உறைந்திருந்த பனியில் சறுக்கி விழுந்து சாக்ஸபோன்காரருடைய மேல்வரிசை முன்பற்கள் போய்விட்டன. பல்தானே, கட்டிக்கொள்ளலாம் என்றேன். அவர் வாத்தியத்தின் வாய்முனையை என்னிடம் காட்டினார். மேற்பல் ஊன்றி ஊன்றி அதில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. "இந்தப் பிடி போனால் என் சத்தம் போய்விடும்" என்றார். அதன் பிறகு மேல் வீடு ஊமையாகிவிட்டது. நண்பர்கள் தட்டினாலும் கதவு திறக்காது. நான் குழைந்த சோறும் பருப்பும் கொண்டுபோனால் மட்டும் திறப்பார்.

பனி கரைந்து, புதுப் பல் கட்டிய பின் ஒரு பின்னேரம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நண்பர்கள் யாரையும் அழைக்கவில்லை. அவர்களுடைய முகத்தைப் பார்க்கத் தனக்குத் துணிவில்லை என்றார். இன்று சரிவராவிட்டால் இனி வாத்தியத்தைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். வாயில் வைத்து ஊதினார். காற்றுத்தான் வந்தது. இன்னொரு தரம் ஊதினார், கீச்சென்று ஒரு சத்தம். வாத்தியத்தை மெல்லப் பெட்டிக்குள் வைத்தார். எனக்கு அழுகை வந்தது.

"திரும்ப ஊதச் சொல்லும்" என்றார் கணவர்.

"சும்மா இருங்கோ. அந்தாள் நொந்துபோய் இருக்குது."

"இல்லை, சொல்லும். அவர் நிப்பாட்டின நாளிலயிருந்து எனக்குக் கண் மூடுறேல்லை. அதைக் கேட்டுத்தானே நான் நித்திரை கொள்ளுறனான்."

எனக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் இதை எப்படி மொழிபெயர்ப்பது? பாரிசை எழுந்து நிற்க வைத்த மனிதரிடம் போய், உங்கள் வாசிப்பைக் கேட்டால் நித்திரை வருகிறது என்று எந்த வாயால் சொல்வது? நான் தடுமாறுவதைப் பார்த்த கணவர் பொறுமை இழந்து தானே பேசினார். அவருடையது உணவகக் குசினியில் கற்ற பிரெஞ்சு. அதில் 'நீங்கள்' என்ற சொல்லே கிடையாது.

"ஸான் துவா, முவா பா டொர்மீர்."

நீ இல்லாமல் எனக்கு நித்திரை இல்லை. கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் என்னிடம்கூட அவர் இப்படி ஒரு வசனம் சொன்னதில்லை.

சாக்ஸபோன்காரர் சோபாவில் கிடந்த இசைத்தாள்களை அள்ளித் தரையில் போட்டுவிட்டு, படு என்று கையைக் காட்டினார். கணவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தார். சாக்ஸபோன்காரர் கதிரையை அவர் பக்கம் திருப்பி வைத்து ஊதினார். சத்தம் உடைந்தது, நின்றது. மறுபடி ஊதினார். மறுபடியும் உடைந்தது. அவர் விடவில்லை.

அன்று கணவர் வேலைக்குப் பிந்தித்தான் போனார்.