அபூ ரகான் உட்கார இடம் தேடுகிறார்

தெருவில் பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடப்பதைக் கண்டால் அபூ ரகான் நடையைக் குறைத்துவிடுவார். தலையில் கட்டிய சிவப்புக் கட்டத் துணியை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொள்வார். மீசையை நீவி, முகத்தில் கொஞ்சம் துக்கத்தை வரவழைத்துக்கொள்வார். பிறகு முதல் ஆளிலிருந்து தொடங்கி ஒவ்வொருவர் கையையும் பற்றி, "அல்லாஹ் உங்க கூலியைப் பெருசாக்கட்டும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். செத்தது யார் என்பது அவருக்குத் தெரியாது.

எங்கள் அம்மான் நகரத்தில் துக்கம் கேட்க வந்தவரை 'நீங்கள் யார்' என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கேட்டவருக்குத்தான் இழுக்கு. மூன்று நாள் பந்தல் இருக்கும். பேரீச்சம்பழம் வரும், சர்க்கரை போடாத காப்பி வரும். பக்கத்தில் இருப்பவர் ஏதாவது பேசுவார். அபூ ரகானுக்கு வேண்டியது அந்தக் கடைசி விஷயம்தான்.

அவர் தெற்கே கரக்கு ஊரில், கோட்டைக்குக் கீழே, ஷேர் டாக்சி ஓட்டினவர். வண்டி நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே காப்பிக்கடை. பயணிகள் நிறையும்வரை அங்கேதான் இருப்பார், நிறைந்த பிறகும் கொஞ்ச நேரம் இருப்பார். மனைவி இறந்துபோனதும் மகன் ரகான் இங்கே மேற்குப் பக்கத்துப் புதுக் குடியிருப்புக்கு அழைத்து வந்துவிட்டான். எனக்கு நேர் மேல்மாடி. பிரஷர் பார்க்க நான் ஏறிப் போவேன். உடம்பில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. குரல்தான் கரகரத்துக்கொண்டு வந்தது. வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்தே எனக்கு வயதாகிவிட்டது. பேச ஆளில்லாதவர்களுக்கு முதலில் தொண்டை துருப்பிடிக்கும், அடுத்தது முழங்கால், அதற்கப்புறம் படுக்கை.

முதலில் நேர்மையாகத்தான் தேடினார். பெரிய சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குப் போய்விட்டுக் காகிதக் கோப்பையோடு என் வாசலுக்கு வந்து நின்றார். ஹானியின் அம்மா என்பதால் என்னை எல்லாரும் உம் ஹானி என்றுதான் கூப்பிடுவார்கள். "உம் ஹானி, மூத்திரம் பிடிச்சுக் குடுக்கிற டப்பாவுல காப்பி தர்றான். மேல என் பேரை வேற எழுதிட்டான். இதை எந்த லேபுல குடுக்கணும்?" இன்னொரு கடையில் எல்லாரும் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக் குனிந்திருந்தார்களாம். "பரீட்சை ஹால்ல போய் உக்காந்துட்டேன் போல. இருமினா முறைக்கிறானுங்க." ஹூக்காவும் கால்பந்தும் ஓடுகிற கடையில் டிவி அலறியதில் காது அடைத்துப்போய்த் திரும்பினார்.

எந்தக் கடைக்குப் போனாலும் கல்லாவில் இருப்பவரிடம் அவர் ஒரே கேள்வி கேட்பார். "இந்த வாரம் இந்தப் பக்கம் யாரு செத்தாங்க?" ஓரிடத்தில் கல்லாக்காரன் பயந்துபோய் மேனேஜரைக் கூப்பிட்டானாம். "செத்தவன் பேரு தெரியாத கடை ஒரு கடையா? அது பஸ் ஸ்டாண்டு" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனவர்தான் பந்தலுக்குள் நுழைந்துவிட்டார்.

அங்கே அவருக்கென்று ஒழுங்கு உண்டு. பேரீச்சம்பழத்தைத் தொடமாட்டார். எழ முடியாதவர்களைத் தூக்கிவிடுவார். காப்பி ஒரே கோப்பை. குடித்த கோப்பையைக் கையில் இப்படி அப்படி ஆட்டிக் கொடுத்தால் போதும் என்று அர்த்தம். ஆட்டாமல் கொடுத்தால் ஊற்றுகிறவர் மறுபடி ஊற்றியாக வேண்டும். அவர் ஆட்டிவிடுவார். "அடுத்தவன் துக்கத்துல ரெண்டாவது கோப்பை கேக்கிறது திருட்டு, உம் ஹானி." முதல் கோப்பை என்னவாம் என்று கேட்டேன். "அது நன்கொடை" என்றார்.

ஒரு வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "என்ன மனுஷன்! அந்த மீசையும் அந்தச் சிரிப்பும் இனிமே எங்க பாக்கப்போறோம்" என்று உருகியிருக்கிறார். "செத்தது எங்க அத்தைங்க" என்றாராம் அவர். அந்த அத்தையின் மருமகன் ரகானோடு வேலை பார்க்கிறவன்.

அன்று நான் பிரஷர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோதே ரகான் உள்ளே வந்து கத்தினான். "யப்பா, ஆபீஸ்ல என் மூஞ்சியைப் பாத்துச் சிரிக்கிறாங்க. ஊரான் எழவுல உனக்கென்ன வேலை? இன்னொரு தடவை காதுல விழுந்துச்சு, வீட்டுச் சாவியை வாங்கிருவேன். அப்புறம் நான் கூட வந்தாத்தான் நீ வெளியே."

"சாவியை வாங்கிட்டுக் கழுத்துல மணி கட்டுவியாடா? ஆட்டு மணியா, ஒட்டக மணியா?" என்றார் அவர். மகன் போனதும் சட்டைப்பைக்குள் கைவிட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டார். பிரஷர் மீட்டரில் முள் ஏறியிருந்தது.

அதன்பின் பால்கனியோடு சரி. சாப்பாடு பாதியாகக் குறைந்தது. நான் மாடி ஏறிப் போனால் தலையை அசைப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிவாசலுக்குக் கீழே, நான் கவனித்துவந்த ஹாஜி நவ்வாஃப் இறந்தார். லாரி ஓட்டினவர். முதுகுப் புண்ணோடு நெடுநாள் கிடந்தார். காய்ச்சலில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லுவார்: தெற்கே ஒரு விபத்து, வண்டிக்கு அடியில் ஒரு பையன், கரக்குக்காரப் பையன். பெரியவர்கள் நடுவில் இருந்து சமாதானம் பேசி முடித்ததுதான். ஆனாலும் ஹாஜி வீட்டில் அது முடிந்ததாக யாரும் நினைக்கவில்லை, பையனின் ஆட்கள் என்றாவது வருவார்கள் என்றே இருந்தார்கள்.

மூன்றாம் நாள் என் காற்று மெத்தையை எடுத்துவரப் போனேன். வாசல்படியில் நின்று காற்றை இறக்கிச் சுருட்டிக்கொண்டே பந்தலைப் பார்த்தேன். கடைசி நாற்காலியில் அபூ ரகான்.

மூன்று நாளும் வந்திருக்கிறார். அதுதான் தவறு. ஒரு நாள் வருகிறவர் யாரோ ஒருவர், மூன்று நாள் வருகிறவர் சொந்தம். இறந்தவரின் தம்பி அபூ கைத், பஞ்சர் கடைக்காரர், கனத்த ஆள், எழுந்து அவர் முன்னால் போய் நின்றார்.

"பெரியவரே, மூணு நாளா வர்றீங்க. எங்க சொந்தத்துல எனக்குத் தெரியாத தலை கிடையாது. என் அண்ணனுக்கு நீங்க என்ன வேணும்?"

கேட்கக்கூடாத கேள்வி. வரிசை முழுக்கத் தலைகள் திரும்பின. அதே நேரம் காப்பி ஊற்றுகிறவர் வந்து கோப்பையை அபூ ரகான் கையில் வைத்துவிட்டார். 'என் டாக்சியில வந்திருக்கார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. அவர் குனிந்து, குடிக்காமலே, கோப்பையைக் காலடியில் வைத்தார்.

நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. எங்கள் வழக்கத்தில் ஊற்றிய காப்பியைக் குடிக்காமல் கீழே வைப்பது விளையாட்டுக் காரியமில்லை. எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது, சரி என்று சொல்லாமல் குடிக்கமாட்டேன் என்று பொருள். பெண் கேட்டு வருகிறவர்கள் அப்படி வைப்பார்கள். உயிருக்குக் கணக்குக் கேட்டு வருகிறவர்களும் வைப்பார்கள்.

அபூ கைத்தின் குரல் இறங்கிவிட்டது. "எந்த ஊரு?"

"கரக்கு."

தாடிக்கு மேலே அபூ கைத்தின் முகம் வெளுத்தது. அண்ணன் மகன்கள் இரண்டு பேர் எழுந்து பின்னால் வந்து நின்றார்கள். அபூ ரகானுக்கு அந்த விபத்தும் தெரியாது, தாம் எதை மிதித்திருக்கிறோம் என்பதும் தெரியாது. எனக்குத் தெரியும். இவர் எங்கள் மாடிக்காரர் என்று நான் சொன்னால் அங்கே எல்லாம் அடங்கிவிடும். மாலைக்குள் ரகான் காதுக்கும் போய்விடும், சாவி போய்விடும். மெத்தையைக் கீழே போட்டுவிட்டு ஒரு படி இறங்கினேன்.

"கேளுங்க" என்றார் அபூ கைத். "எதுக்காக வந்தீங்களோ, அதைக் கேளுங்க."

"உங்க அண்ணன் முகத்தை நான் பாத்ததே இல்லை" என்றார் அபூ ரகான். கரகரப்பில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணு நாளா ஏமாத்தி உக்காந்திருக்கேன். மேல் தெருவுல மகன் வீட்டுல இருக்கேன். இந்த ஏரியா முழுக்க நடந்து பாத்துட்டேன். எனக்கு உக்கார ஒரு இடம் இல்லை. அதான் கேக்கிறேன். வேற ஒண்ணும் இல்லை."

"எழவு வீட்டுல நக்கலாய்யா?" என்று அண்ணன் மகன் ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். அபூ கைத் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அவனைத் தடுத்தார். மற்ற கையால் நாற்காலி முதுகைத் துழாவிப் பிடித்து, தொப்பென்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பள்ளிவாசலுக்குக் கீழே பஞ்சர் கடை தெரியுமா?"

"டயர் அடுக்கி வச்சிருக்கும். தினம் தாண்டித்தான் போறேன்."

"டயரைப் பாத்தீங்க. டயருக்குப் பின்னால பாத்தீங்களா? பெஞ்சு கிடக்கு, அடுப்பு இருக்கு. வேலைவெட்டி இல்லாத கிழவனுங்க காலையில இருந்து உக்காந்து என் உயிரை எடுக்கிறானுங்க. டிவி கிடையாது. இந்தப் பக்கம் யாரு செத்தாலும் முதல்ல அங்கதான் தெரியும்."

அபூ ரகான் காலடியில் இருந்த கோப்பையைப் பார்த்தார்.

"காப்பியைக் குடிங்க. கேட்டது கிடைச்சாச்சு" என்றார் அபூ கைத்.

அவர் குனிந்து கோப்பையை எடுத்தார். ஆறிப்போயிருக்கும். ஒரே மடக்கில் குடித்தார். ஊற்றுகிறவர் கெண்டியை இடது கையில் பிடித்தபடி கோப்பைக்காக வலது கையை நீட்டினார். அபூ ரகான் கோப்பையை அவரிடம் கொடுத்தார். ஆட்டவில்லை.