மூலையார் விட்டுவைத்த மூலை

கரப்பான் பூச்சிகள் தங்கள் குலத்துக்கு ஒரு வரலாறு எழுதிக்கொண்டால், அதில் மூலையாருக்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பூச்சி மருந்து அடிப்பது அவருடைய தொழில். அதே தொழிலில் இருந்த மற்றவர்களெல்லாம் சமையலறையின் நாலு பக்கமும் பீய்ச்சிவிட்டுக் கிளம்பிவிடும் சாமானியர்கள். இவர் பிரிட்ஜை நகர்த்தி, அதன் முதுகுப்பக்க மோட்டாருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பார். அலமாரிக் கதவின் கீல் ஒவ்வொன்றிலும் ஊசியால் கடுகளவு பசை மருந்து வைப்பார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே தலையை நுழைத்து, குழாய் சுவருக்குள் போகிற ஓட்டையை, பல் மருத்துவர் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். "ஒரு மூலைய விட்டா ஒரு குடும்பம் தப்பிச்சுடும்" என்பது அவர் கொள்கை. அவர் சொன்ன குடும்பம் வீட்டுக்காரருடையது அல்ல.

அதனால்தான் கூட வேலை பார்த்தவர்கள் அவரை மூலை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாற்பதைத் தாண்டி நெற்றி உச்சிவரை ஏறியதும், வயதுக்கு மரியாதை கொடுத்து அது மூலையார் ஆயிற்று.

எதையும் பாக்கி வைப்பது அவருக்கு ஆகாது. செய்தித்தாளைக் கையில் எடுத்தால் ஏல அறிவிப்பு, காணாமல்போன நாய்க்குட்டி, கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும் அச்சக முகவரி வரை படித்துவிட்டுத்தான் மடிப்பார். கல்யாணமான புதிதில் மனைவியை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். புது மனைவி வாசல் பெஞ்சில் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, பொறுமை இழந்து உள்ளே போய்த் தேடியபோது, புது மாப்பிள்ளை உடைந்த பானை ஓடுகளின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஓடுகள் முடிந்துவிட்டன, ஆணிகள்தான் பாக்கி என்று ஆறுதல் சொன்னாராம். அந்த அம்மாள் இன்றுவரை அவருடன் குடித்தனம் நடத்துகிறார் என்பதை இங்கே பதிவு செய்வது நம் கடமை.

இப்படிப்பட்டவர் கையில் விதி ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தது. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வாடிக்கையாளர், சுமக்க இடமில்லாமல், டிவியில் மாட்டி விளையாடும் பெட்டியையும் அதற்குள் இருந்த ஒரே ஒரு விளையாட்டையும் இவரிடம் கொடுத்துவிட்டார். அந்த விளையாட்டின் கதை எளிமையானது. அக்கா ஒருத்தி, போர் வீராங்கனை. அவள் தங்கையை உப்பு ராஜா என்பவன் தூக்கிக்கொண்டு போய் மலை உச்சியில் ஒரு கோட்டையில் அடைத்து வைத்திருக்கிறான். அக்கா போய் மீட்க வேண்டும். மலைக்கு நேராக ஒரு பாதை போகிறது.

பாதை நேராகப் போனாலும் தேசம் பெரிது. வரைபடத்தைத் திறந்தால் காடு, ஆறு, பாழடைந்த கோபுரம் என்று எங்கு பார்த்தாலும் கேள்விக்குறி. ஒவ்வொரு கேள்விக்குறியிலும் ஏதோ இருக்கிறது. போனாலும் போகலாம், போகாவிட்டாலும் கதைக்கு ஒரு குறையும் இல்லை. மூலையார் வரைபடத்தைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது ஒரு மாபெரும் சமையலறையாகத் தெரிந்தது.

ஆரம்பத்தில் இன்பமாகத்தான் இருந்தது. முதல் குகையில் ஒரு வெள்ளிக் கத்தி, இரண்டாவதில் பேசும் தவளை. நாளாக ஆக, எல்லாக் குகையும் ஒரே குகையாகிப் போயின. அதே திருடர்கள், வேறு தொப்பியில். அதே பெட்டி, உள்ளே துருப்பிடித்த வாளோ காலி சீசாவோ. வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, சோபாவில் உட்கார்ந்து கன்ட்ரோலரைக் கையில் எடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு களை இருக்காது. மருந்து டப்பாவை முதுகில் மாட்டும்போது வைத்திருக்கும் அதே முகம். கொட்டாவி விட்டுக்கொண்டே கேள்விக்குறியை அழிப்பார். "பகல்ல சம்பளத்துக்கு மூலை, சாயந்திரம் சும்மா மூலை" என்றார் மனைவி. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வலியில் வருபவர்களிடமே சிரித்துப் பேசத் தெரிந்த அவருக்கு, வலிய வலியைத் தேடிக்கொள்பவரைப் பார்ப்பது புதிதாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் மாமியார் வந்து சேர்ந்தார்.

மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. மகன் வேறு ஊரில், மூன்றாவது மாடியில் குடியிருந்தான். படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லும்வரை மகள் வீட்டு ஹாலில் கட்டில் போட்டாயிற்று. டிவியும் ஹாலில்தான். ஆகவே காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு, வேறு வழியின்றி, மாப்பிள்ளையின் வீரதீரப் பயணங்களுக்கு அவர் சாட்சியானார். சில நாளிலேயே வழி இருந்தாலும் எழுந்து போக மாட்டார் என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த அம்மாள் ஓய்வு பெறும்வரை ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவர். கவுண்டரைச் சாத்திவிட்டு உள்ளே போய்க் கடைசி வரிசையில் நின்று பார்ப்பார். இடைவேளை மணி அடிக்கும்போது வெளியே வந்துவிட வேண்டும், வந்தால்தான் கடைசி பஸ். இப்படி ஆயிரக்கணக்கான கதைகளில் யார் தொலைந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். யார் கிடைத்தார்கள் என்பது தெரியாது. எத்தனையோ ஜோடிகளைப் பிரிந்த நிலையிலேயே விட்டுவிட்டு அவர் பஸ் பிடித்திருக்கிறார்.

மாப்பிள்ளையிடம் நேரடியாகப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது, கூச்சம்தான். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும். "அந்தப் பொண்ணு பாவம் அங்க அடைஞ்சு கிடக்கா, இவரு காளான் பறிச்சுக்கிட்டு இருக்காரேடி" என்பார். மகள் அதை மறு ஒலிபரப்பு செய்வார். மூலையார் காளானைப் பறித்துக்கொண்டே, "இந்தக் காடு முடிஞ்சதும் போயிடலாம் அத்தை" என்பார். காடு முடியும். காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சதுப்பு நிலம் இருக்கும்.

மாமியார் பார்த்துப் பார்த்துத் தேறிவிட்டார். எந்தப் பொத்தானை அழுத்தினால் வாள் ஓங்கும், எதை அழுத்தினால் குதிரை வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. மூலையார் அசந்து தூங்கிவிட்டால், "இடது பக்கம் ஒருத்தன் வர்றான்னு சொல்லுடி" என்று குரல் வரும். ஆனால் கோட்டை மட்டும் வரவில்லை. அது திரையின் ஓரத்தில், பனிமூட்டத்துக்குள், வாடகைக்கு விடாத வீடு மாதிரி நின்றது.

கடைசியில் டாக்டர், படி ஏறலாம் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. டாக்டர் சொன்ன அன்று மாலையே மாமியார் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கேளுடி அவர. அந்தத் தங்கச்சி உசுரோட இருக்காளா இல்லையான்னு தெரியாம நான் ஊருக்குப் போகணுமா? இண்டர்வெல் வரைக்கும் பாத்துப் பாத்தே எனக்கு வயசாயிடுச்சு."

மனைவி இதை மறு ஒலிபரப்பு செய்யவில்லை. கணவரைப் பார்த்தார், அவ்வளவுதான். மூலையார் வாக்குக் கொடுத்தார். சனிக்கிழமை மாலைக்குள் கோட்டைக்குள் போய்விடுவது, தங்கை எந்தக் கதியில் இருந்தாலும் அத்தைக்குக் காட்டிவிடுவது.

வாக்கு உறுதியானதுதான். ஆனால் வியாழக்கிழமை கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு கிணறு தென்பட்டது. வெள்ளிக்கிழமை அந்தக் கிணற்றுக்கு அடியில் ஒரு சுரங்கம் இருப்பது தெரிந்தது. கிணற்றை முடித்த மனிதன் சுரங்கத்தை விட்டுவிட்டு வருவது எப்படி? சுரங்கத்தின் முடிவில் இருந்த பெட்டியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. சனிக்கிழமை காலையில் ஒரு ஓட்டல் முதலாளி பதறிப்போய் போன் செய்தார். சமையலறை முழுக்கக் கரப்பான், ஒரு நாள் கடையைச் சாத்தப் போகிறார், வேறு யாரையும் நம்ப மாட்டாராம். மூலையார் மருந்து டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டார். செருப்பைப் போடும்போது மாமியார் பக்கம் திரும்பி, சாயந்திரம் கண்டிப்பாக என்றார். மாமியார் மகளிடம் எதுவும் சொல்லவில்லை. அதுதான் மூலையாருக்கு உறுத்தியது.

ஓட்டல் சமையலறை எளிதில் முடிகிற ஒன்றல்ல. பெரிய அடுப்புகளின் அடியில், மாவு மூட்டைகளின் பின்னால், மின்விசிறிக் கூண்டின் மேல் என்று மூலைக்குள் மூலை. அவர் ஒன்றையும் விடவில்லை. வீடு திரும்பியபோது விளக்குப் போட்டிருந்தார்கள். ஹாலில் மனைவியும் மாமியாரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். டிவியில், கறுப்புத் திரையில், விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன.

மூலையாருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. மாமியார் கன்ட்ரோலரை மடியிலிருந்து எடுத்து மெதுவாகச் சோபாவில் வைத்தார். பிறகு, மாப்பிள்ளை இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக, நேராக அவரைப் பார்த்துப் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. நான் முடிச்சுட்டேன்."

உப்பு ராஜாவை எப்படி, என்றார் மூலையார். விளையாட்டிலேயே கடினமான எதிரி அவன். தேர்ந்த ஆட்டக்காரர்களே பலமுறை செத்துப் பிழைக்கும் இடம் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

"அவனா?" என்றார் மாமியார். "பாவம், ரெண்டு அடிக்குத் தாங்கல. பொத்துனு விழுந்துட்டான். இவனுக்குப் போயி இவ்வளவு நாள் பயந்தோமான்னு இருந்துச்சு."

உண்மை இதுதான். நாட்டில் இருந்த குகை ஒவ்வொன்றையும் துடைத்து, திருடன் ஒவ்வொருவனையும் தீர்த்து, அக்காக்காரியை மூலையார் அவ்வளவு பலசாலியாக்கி வைத்திருந்தார். முழங்கால் கட்டோடு ஒரு முன்னாள் டிக்கெட் கவுண்டர் ஊழியர் தப்பும் தவறுமாகப் பொத்தானை அழுத்தியே, கொடுங்கோலன் ஒருவனைக் கரப்பான்போல் கவிழ்த்துவிட முடிந்தது. அத்தனை மாத உழைப்பும் பலித்துவிட்டது, பக்கத்து இலைக்கு.

சாப்பிடும்போது மாமியார் கதை சொன்னார். கூச்சமெல்லாம் போன இடம் தெரியவில்லை. கோட்டை வாசலில் பனி, உள்ளே உப்புத் தூண்கள், மூச்சு வாங்கிக்கொண்டு அக்கா ஏறிய படிகள். "என் முழங்காலே வலிச்சுது மாப்பிள்ளை." மூலையார் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். கொட்டாவி வரவில்லை. கன்ட்ரோலரைக் கையில் பிடித்திருந்த நாளில்கூட அந்தத் தேசம் அவருக்கு இவ்வளவு குளிராக இருந்ததில்லை.

மேலே ஒரு சின்ன அறை. தங்கை உயிரோடு இருந்தாள். அழவில்லை, ஓடி வந்து கட்டிக்கொள்ளவுமில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இவ்வளவு நாள் எங்க போயிருந்த அக்கா?"

மூலையார் கை தட்டிலேயே நின்றது.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்ன, அக்கா ஒண்ணும் பேசல. வாளக் கீழ வச்சுட்டு, அவ பக்கத்துல தரையில உக்காந்துட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு தங்கச்சியே சாஞ்சு அக்கா மடியில படுத்துக்கிட்டா. நான் அழுதுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து மாமியாரை அழைத்துக்கொண்டு போனான். வண்டி தெருமுனையில் திரும்பியதும் மூலையார் உள்ளே வந்து டிவியைப் போட்டார். விளையாட்டை அவர் கடைசியாக நிறுத்திச் சேமித்து வைத்திருந்த இடம் அப்படியே இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, வழியில் இருந்த கேள்விக்குறிகளைத் தாண்டிப் போனார். ஒரு பாழுங்கோபுரத்தைக் கடக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உப்பு ராஜா இரண்டே அடியில் விழுந்தான். படிகளில் ஏறினார். தங்கை கேட்டாள்.

திரையில் மூன்று பதில்கள் வந்தன. வழியெல்லாம் எதிரிகள். உன்னை மறக்கவே இல்லை. மன்னித்துவிடு. காளான் பறித்துக்கொண்டிருந்தேன் என்ற உண்மையான பதில் எதிலும் இல்லை. மூலையார் முதலாவதைச் சொன்னார். தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மறுபடி சேமித்த இடத்துக்குப் போய், ராஜாவை இன்னொருமுறை சாய்த்துவிட்டு, இரண்டாவதைச் சொன்னார். அவள் கசப்பாகச் சிரித்தாள். மூன்றாவதற்குத் தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தாள். அத்தை சொன்ன காட்சி எதிலும் வரவில்லை. அக்கா எங்கும் தரையில் உட்காரவில்லை.

மூலையாருக்கு வேர்த்தது. நாடு முழுவதையும் துடைத்தெடுத்த தன் கண்ணுக்குத் தப்பிய ஒரு மூலை, அதுவும் கதையின் நட்டநடுவில். போனை எடுத்தார்.

"அத்தை, அந்தத் தங்கச்சி கேட்டப்ப நீங்க எதை அழுத்துனீங்க?"

"நான் ஒண்ணும் அழுத்தலையே மாப்பிள்ளை. எழுத்து வந்துச்சு, படிக்கலாம்னு கண்ணாடியத் தேடுனேன். தேடி எடுக்கறதுக்குள்ள எழுத்தெல்லாம் போயிடுச்சு. அவ உக்காந்துட்டா."

"கண்ணாடி எங்க இருந்துச்சு?"

"தலைமேலதான்."

போனை வைத்துவிட்டு மூலையார் மறுபடி படி ஏறினார். தங்கை கேட்டாள். பதில்கள் வந்தன. பழக்க தோஷம், விரல் தானாக ஒன்றை அழுத்திவிட்டது. இன்னொருமுறை ஏறினார், இந்தமுறையும் அப்படியே. தொட்டதையெல்லாம் முடித்துப் பழகிய விரல்கள், சும்மா இருக்கச் சொன்னால் கேட்குமா? அடுத்தமுறை, தங்கை வாயைத் திறந்ததும், கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து மனைவி ஹாலுக்கு வந்தார். கைமேல் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, டிவியையே வெறிக்கும் கணவரைப் பார்த்துத் திடுக்கிட்டு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யாம இருக்கேன்" என்றார் மூலையார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் பேசாம இரு."

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மங்கின. அக்கா வாளைக் கீழே வைத்தாள்.