முதல் பாட்டுக்கு அண்ணன் எழுதிய சீட்டு

புது ஆல்பம் வரும் நாளில் அண்ணன் முதலில் செய்கிற வேலை, முன்னறைச் சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றுவது. பாட்டுக்கு நடுவே அதன் டிக் டிக் அவருக்கு ஆகாது. சமையலறைக்குக் கொண்டுபோய், மாவு டப்பாவுக்குப் பின்னால் குப்புற வைத்துவிட்டு வருவார். இருபது வருஷமாகப் பார்க்கிறேன். என் தையல் மெஷின் முன்னறை மூலையில்தான் இருக்கிறது. அன்றைக்கு அதற்கும் லீவு.

பம்பு செய்கிற கம்பெனியில் கடைசிச் சோதனை அண்ணனுடையது. ஓடுகிற மோட்டாரின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொள்வார். கரகரப்பு என்றால் கைக்கே தெரிந்துவிடும். உள்ளே பேரிங் கெட ஆரம்பித்தால் ஊசி மாதிரி ஒரு கீச்சு வருமாம். அது காதுக்கு மட்டும்தான் தெரியும். கீச்சு இல்லை என்றால் முத்திரை குத்துவார். ஒரு தரம் மீட்டர் வைத்த கருவி வாங்கினார்கள். அது கோட்டைவிட்ட மூன்று பம்புகளை இவர் பிடித்துக் கொடுத்தார். கருவிக்குத் துணி போட்டு மூடிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

வெளிநாட்டு ராக் குழு ஒன்றின் மேல் அவருக்குப் பைத்தியம். கூட்டாளிகள் இரண்டு பேர்: வேன் ஓட்டுகிற ஒட்டகம், கணக்கு டீச்சர். ஒட்டகத்தின் உயரத்துக்கு அந்தப் பேர் போதாது. மூவருக்கும் ஒரு சட்டம் உண்டு. ஆல்பத்தின் முதல் பாட்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் கூடாது. முடிந்ததும் மனதில் பட்டதைச் சீட்டில் எழுதி மடித்துப் போட வேண்டும். டீச்சர் உரக்கப் படிப்பார். சண்டை அதற்கப்புறம்தான்.

ஆறு வருஷம் சும்மா இருந்த குழு, போன வருஷம் ஒரு ஆல்பம் வெளியிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் கூடினார்கள். கடிகாரம் சுவரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். டீச்சர் எதிரில் கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

பாட்டு தாழ்ந்த குரலில் ஆரம்பித்தது. கிதார் மெதுவாக, ஊஞ்சல் மாதிரி. கொஞ்ச நேரத்தில் மேலே மெல்லிய விசில் ஒன்று ஏறியது. ஏறியது இறங்கவே இல்லை. பாட்டுக்காரன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தான். விசில் கம்பியை இழுத்த மாதிரி நின்றது. எனக்குப் பல் கூசியது. ஒட்டகம் இரண்டு தரம் கழுத்தைத் தடவிக்கொண்டார். ஆறு நிமிஷம் கழித்து எல்லாம் பட்டென்று நின்றபோது டீச்சர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

சீட்டுகளை டீச்சர் பிரித்தார். முதலில் ஒட்டகத்தினுடையது. "'இன்னொரு தடவை கேக்கச் சொன்னா ஓடிடுவேன். அந்த விசில் இன்னும் காதுக்குள்ள நிக்குது.'" அடுத்தது டீச்சருடையது. "'பக்கத்து ரூம்ல யாருக்கோ என்னமோ ஆயிடுச்சு. போய்ப் பாக்க யாருமே இல்ல.'"

மூன்றாவதைப் பிரித்தவர் கொஞ்சம் தயங்கினார். "'ஆறு வருஷத்துக்கப்புறம் இவ்வளவு நிம்மதியான ஆரம்பம். குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி.'"

"யோவ்!" என்று ஒட்டகம் தொடையில் தட்டிச் சிரித்தார். "எந்தக் குழந்தைய்யா இதுல தூங்கும்? பொறந்த குழந்தை எழுந்து வீட்டை விட்டே ஓடிடும்!"

"நக்கலைப் பாரேன்" என்றார் டீச்சர். "விசிலைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

அண்ணனும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். "சும்மா எழுதினேன்ப்பா" என்றார். முகம் சுண்டிப் போயிருந்தது. அப்போதுதான் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மறக்கவில்லை. அது ஓடுவது அவருக்குக் கேட்கவில்லை.

அவர்கள் போனதும் அண்ணன் அந்தப் பாட்டை மறுபடி போட்டார். ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அந்த விசில் வர்றப்ப கையைத் தூக்கு. நின்னதும் இறக்கிடு."

தூக்கினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். எனக்குத் தோள் கடுத்தது. இறக்கிவிடலாமா, அவர் மனசாவது ஆறுமே என்று தோன்றியது. பாட்டு முடிகிற வரை இறக்கவில்லை.

"இவ்வளவு நேரமுமா?" என்றார்.

"ஆமாண்ணா."

தரையில் உட்கார்ந்துவிட்டார். "போன மாசம் ரெண்டு பம்பு திரும்பி வந்துச்சு. கரண்ட் கோளாறுன்னு சொல்லிட்டேன். அதுல ஒண்ணு ஆஸ்பத்திரித் தண்ணித் தொட்டிக்குப் போனது." ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினார். "அண்ணிகிட்ட சொல்லிடாதே. கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னை எதுக்கு வெச்சிருப்பாங்க?"

மறுநாளும் வேலைக்குப் போனார். முத்திரையும் குத்தினார். நான் மென்று விழுங்கிக்கொண்டு இருந்தேன். தைத்த சட்டையைப் பிரித்து மறுபடி தைத்தேன். நாலாம் நாள் முடியவில்லை, அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "கூப்பிட்டா திரும்ப மாட்டார். திமிருன்னு நினைச்சு ரெண்டு வருஷமா முறைச்சுக்கிட்டு இருக்கேன்டி" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் அண்ணன் செருப்பைக் கழற்றும் முன்பே அண்ணி எதிரில் போய் நின்றார். சத்தம் போடவில்லை. முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "நாளைக்கு லீவு போடுங்க. காது டாக்டர்கிட்ட போறோம். அப்புறம் சூப்பர்வைசர்கிட்ட நீங்களே சொல்லணும். ஆஸ்பத்திரில தண்ணி நின்னா என்ன ஆகும்?"

அண்ணன் என்னைத்தான் பார்த்தார். பத்து நாள் என்னோடு பேசவில்லை.

டாக்டர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். கோடு நேராகப் போய் ஒரு இடத்தில் சரிவில் விழுகிற மாதிரி விழுந்தது. சோதனைக் கொட்டகையின் இரைச்சல் பல வருஷமாகக் காதைத் தின்றிருக்கிறது, போனது இனி வராது என்றார். சூப்பர்வைசரிடம் அண்ணனே போய்ச் சொன்னார். அவர் முத்திரை குத்திய கடைசி எழுபது பம்புகளைத் திரும்ப வரவழைத்தார்கள். ஐந்தில் பேரிங் போயிருந்தது.

இப்போது அண்ணன் ஸ்டோரில் இருக்கிறார். நட்டும் வாஷரும் எடுத்துக் கொடுக்கிறார். இரண்டு காதிலும் கருவி இருக்கிறது. ஸ்பூன் விழுந்தால்கூடத் துள்ளுகிறார். கருவியோடு கேட்டால் அந்த விசில் கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணன் அந்தப் பாட்டை இன்னும் போடவில்லை.