கள்ள வெயில் சொன்ன மாடசாமி அண்ணாச்சி

காலாண்டு விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமை காலை. பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளி வியாபாரி ஒருவரைப் பேசவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சேனல் முதலாளி போனில் அழைத்தார். "கேமராவ மடக்கும்வே. மாடசாமி அண்ணாச்சி போயிட்டாவ" என்றார். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். அவர் அழுதபோதுதான் எனக்கு உறைத்தது. விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

தென்காசிக்காரர்களுக்கு அண்ணாச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் உள்ளூர் கேபிள் சேனலில் மாலைச் செய்தியின் கடைசியில் 'அருவி நிலவரம்' வரும். குற்றாலத்து அருவிகளில் தண்ணீர் எப்படி, குளிக்கலாமா கூடாதா என்று சொல்லும் பகுதி. அதை வாசித்தவர் அவர்தான். நான் அவருடைய கேமராக்காரன்.

அருவியை நேரில் பார்க்காமல் வாசிக்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "மாடியில இருந்தே மலை தெரியுதே அண்ணாச்சி, எதுக்கு அங்கன வரைக்கும் போகணும்?" என்று கேட்டேன். "மலை தெரியுதுவே. தண்ணி தெரியுதா?" என்று சொல்லிக்கொண்டே மொபெட்டைக் கிளப்பிவிட்டார். கேமராப் பையோடு நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். அதன்பிறகு எல்லா மாலையும் அப்படித்தான்.

ஆனி, ஆடியில் இந்த வேலை சுலபம். சாரல் முகத்தில் அடிக்கும், அருவி கொட்டும், கூட்டம் நெரியும். சிரமம் புரட்டாசியில்தான். காற்று நின்று போகும். ஆடியில் போர்வை கேட்ட ஊர் புரட்டாசியில் விசிறி தேடும். காலையிலிருந்து வெயில் மண்டையைப் பிளக்கும். மதியத்துக்கு மேல் மலை உச்சியில் மட்டும் மேகம் கூடி இடிக்கும். தென்காசித் தெருவில் புழுதி பறக்கிற அதே நேரத்தில் குற்றாலத்தில் செந்தண்ணீர் இறங்கும். சில நாள் அத்தனை இடி இடித்தும் சொட்டுத் தண்ணீர் கூடுதலாக வராது. எங்கள் ஊர்க்காரர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. வாசலில் வெயில் அடித்தால் அருவியிலும் வெயில்தான் என்று நினைத்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அந்த வெயிலுக்கு அண்ணாச்சி வைத்த பெயர் 'கள்ள வெயில்'. "டிவியில கள்ளன் கிள்ளன்னு பேசாதீரும்வே" என்று முதலாளி கடிந்துகொண்டார். "அப்ப நல்ல வெயில்னு சொல்லவா? நம்பிப் போயி நனைஞ்சிட்டு வாரும்" என்றார் அண்ணாச்சி. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் மதினிக்கு அருவிக்குப் போகும் ரோட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. கூட்டம் வந்தால்தான் சட்டி காயும். "எல்லாருக்கும் வாய்ச்ச மாப்பிள்ளை யாவாரத்துக்கு ஒத்தாசை பண்ணுதாவ. எனக்கு வாய்ச்சது வாடிக்கைய விரட்டுது" என்று என்னிடம்தான் குறை சொல்வார். அண்ணாச்சி பக்கத்தில் நின்று சிப்ஸைக் கொறித்துக்கொண்டே கேட்பார்.

சில வருடங்களுக்கு முன் இதே காலாண்டு விடுமுறை. சாரல் சீசன் முடிந்துபோன கடைக்காரர்களுக்கு ஐயப்ப சாமிகள் வரும்வரை இந்த விடுமுறைக் கூட்டம்தான் கஞ்சி. சனிக்கிழமை பிற்பகல் மலையில் இடி கேட்டது. "கள்ள வெயில். பிள்ளைகளோடு யாரும் அருவிக்கு வர வேண்டாம்" என்று அண்ணாச்சி வாசித்துவிட்டார். ஞாயிறன்று சுரண்டை, ஆய்க்குடி பக்கத்து ஆட்கள் யாரும் வரவில்லை. தண்ணீரும் வரவில்லை. கடைக்காரர்கள் திரண்டு எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார்கள். "எங்க வயித்துல அடிச்சிட்டீரே அண்ணாச்சி!" மதினி அன்று இரண்டு மடங்கு சீவிப் பொரித்து வைத்திருந்தார். புழுக்கத்தில் பாதி நமுத்துப்போனது. அவர் சண்டைகூடப் போடவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டார்.

அன்று மாலையும் மலையில் இடித்தது. "இன்னைக்காவது நல்லதா நாலு வார்த்தை சொல்லும்வே" என்று முதலாளி கெஞ்சினார். அண்ணாச்சி கேமராவைப் பார்த்து, "நேற்று சொன்னது நடக்கவில்லை. இன்றும் அதையேதான் சொல்கிறேன்" என்று வாசித்தார். பொய்த்துப்போன வாயை ஊர் இனி நம்புமா என்பதுதான் அவருடைய பயம். நம்பாமல் போனால் அந்த வேலைக்கே அர்த்தமில்லை என்று வண்டியில் வரும்போது சொன்னார்.

திங்கட்கிழமை வெயில் கொளுத்தியது. மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று மதினியின் கடையில் வேனை நிறுத்தி, குளிக்க வழி கேட்டிருக்கிறது. புருஷனோடு பேச்சுவார்த்தை இல்லாத மதினி, "கொஞ்சம் இருந்து போங்க. எங்க வீட்டுக்காரவுக வேண்டாம்னு சொல்லிருக்காவ" என்றாராம். இவ்வளவு வெயிலா இருக்கே என்று அவர்கள் சிரித்தார்கள். மதினி பிள்ளைகளை ஸ்டூலில் உட்காரவைத்து, சூடாகப் பொரித்துப் பொரித்துக் கையில் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

நாங்கள் அப்போது மெயினருவியில் இருந்தோம். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மண் நிறமானது. இலையும் சுள்ளியும் வந்தன. போலீஸ்காரர்கள் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். கடைசி ஆள் படி ஏறியதும் தண்ணீர் அருவி முகப்பில் கட்டியிருக்கும் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியது. ரோட்டில் அப்போதும் வெயில். மதினி எண்ணெய்க் கையோடு ஓடி வந்தார். அண்ணாச்சியைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்து நின்றவர், "நீங்க எதுக்கு இங்கன நிக்கிய? ஊருக்குச் சொன்னது உங்களுக்குக் கிடையாதா?" என்று கத்தினார். அண்ணாச்சி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஊரு நம்புறது பெருசில்லவே. கோவத்துல இருந்தவ நம்புனா பாத்தீரா" என்று பிற்பாடு எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் இறந்த அன்று அருவி ரோட்டில் கடைகள் திறக்கவில்லை. விடுமுறைக் கூட்டம் தேநீருக்கு அலைந்தது. முன்பு ஆபீசுக்கு வந்து சத்தம் போட்டவர்களே பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். காடுவரை போய்த் திரும்பிய பிறகு மதினியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாலைச் செய்தியில் அண்ணாச்சியின் பழைய அருவி நிலவரம் ஒன்றை அஞ்சலியாகப் போடுவதாக முதலாளி முடிவு செய்திருந்தார். கேட்டால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து மதினியிடம் சொன்னேன்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "என்னைக்கோ விழுந்த தண்ணிய இன்னைக்குச் சொல்லுவியளா? அவுக குரலக் கேட்டு நாலு பேரு பிள்ளைகளக் கூட்டிட்டு வருவாகளே. செத்த பிறகு அவுக வாயால பொய் சொல்ல வைக்காதீக தம்பி. போங்க, போய்ப் பாத்துட்டு வாங்க."

எழுந்து போனேன். அருவி மெலிந்து விழுந்துகொண்டிருந்தது. மலைப் பக்கம் காதைக் கொடுத்து வெகுநேரம் நின்றேன். மாலையில் கேமராவுக்கு முன்னால் முதன்முறையாக உட்கார்ந்து நானே வாசித்தேன். தண்ணீர் குறைவு, இடி இல்லை, ஆனாலும் வெயிலை நம்ப வேண்டாம் என்றேன்.

பார்த்துவிட்டுத்தான் சொன்னேன் அண்ணாச்சி. நிம்மதியாகப் போய் வாருங்கள்.