பல் முளைக்கட்டும் என்று தள்ளிவைத்த நாடகம்

"ஞாயிறு ஒத்திகை இல்லை" என்று நாடகக் குழுவில் செய்தி வந்தபோது என் குழந்தைக்குக் காய்ச்சல். அப்பாடா என்றிருந்தது. அடுத்த வரியை அதற்குப் பிறகுதான் படித்தேன். ஜெயந்தி அக்கா அன்று காலை இறந்துவிட்டார். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நிக்டி தமிழ் நாடகக் குழுவில் அவரோடு மேடையேறிய உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாரமெல்லாம் வங்கி, ஞாயிறு நாடகம். கடைசியாக எடுத்தது ஒரு கிரேக்கத் துன்பியல். அரசனை ஆலை முதலாளியாக்கி, செத்த அண்ணனின் உடலைக் கேட்டு ஆலை வாசலில் நிற்கும் தங்கையாக என்னைப் போட்டார். நடப்பதைப் பார்த்து ஒரே குரலில் பேசும் கோரஸின் தலைவி அவரே.

கோரஸில் பாதிப் பேர் இங்கேயே மராத்தி படித்து வளர்ந்தவர்கள், தமிழ் படிக்க வராது. நான்தான் வசனத்தை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். முதல் ஒத்திகையில் "இந்தப் பழி எங்களையும் சேரும்" என்பதை எட்டுப் பேரும் ஒரே குரலில் "இந்தப் பலி" என்று முழங்கினார்கள்.

"அரே, இங்க என்ன ஆடா வெட்டறோம்?" என்றார் அக்கா.

"பேப்பர்ல அப்படித்தான்க்கா இருக்கு" என்றான் விமான் நகர் கார்த்திக்.

pali என்று நான் அடித்திருந்த தாளை அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவங்க மேல தப்பில்லம்மா. ஆட்டை வெட்டுனது நீதான்."

சிரித்து முடிக்க நேரமானது. பிறகு உட்கார்ந்து, எல்லாத் தாளிலும் ழகரம் வருமிடத்தையெல்லாம் சிவப்பில் சுழித்துக் கொடுத்தார்.

அரங்கேற்றத்துக்குத் தேதி குறித்தபோது என் மகளுக்கு ஐந்து மாதம். "வேற யாரையாவது போடுங்கக்கா, இவ என்னை விட்டு இருக்க மாட்டேங்கறா" என்றேன்.

"தங்கச்சி நீதான். பாப்பாவுக்குப் பல் முளைக்கட்டும். மேடை எங்க ஓடிப்போகுது?"

பல் முளைத்தது. கூடவே வயிற்றுப்போக்கு. அப்புறம் சளி. மூன்று முறை அரங்க முன்பதிவை ரத்து செய்தார். தனக்குப் புற்றுநோய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டாவது நடித்திருப்பேன். இப்படி எழுதுவது சுலபம். அப்போதும் தெர்மாமீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேனோ என்னவோ.

"ஆஸ்பத்திரியில கூட, ஹால் தேதி வந்துச்சான்னுதான் கேட்டா" என்றார் அவர் கணவர், மயானத்தில்.

அவர் நினைவாக அந்த நாடகத்தைப் போடலாம் என்று குழுவில் யாரோ எழுதினார்கள். அதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. நானும்தான்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய வசனம். நான் பேசுவதற்கு முன் அவர் சொல்ல வேண்டிய ஐந்து வரிகள், அவர் இழுத்து நிறுத்தும் இடங்களோடு எனக்கு மனப்பாடம். பாத்திரம் கழுவும்போது அவற்றைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்து தங்கை பேச வேண்டும். உள்ளே குழந்தை சிணுங்குகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிடுகிறேன்.